இருபது கிலோவுக்குக் கீழே

என் ஆய்வுத் தலைப்பு முதலில் இப்படி இருந்தது:
மலேசியத் தோட்டத் தொழிலாளர் வாழ்வியல்,
தொடக்கம் முதல் இன்றுவரை.
தட்டச்சு செய்தபோது பெருமையாகத்தான் இருந்தது.
டாக்டர் ரொஸ்னீத்தா அதைச் சுற்றி வட்டம் போட்டார்.
பக்கத்தில் இரண்டே சொல்: தெர்லாலு லுவாஸ்.
ரொம்ப அகலமாம்.
எதை வெட்ட?
யாரை வெளியே நிறுத்த?

சுங்கை லாலாங் செம்பனை ஆலையில்
எடைப்பாலம் என் பொறுப்பு.
குலை ஏற்றிய லோரி ஏறும்: முப்பத்தொரு டன்.
கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்பும்: பன்னிரண்டு.
கழித்து எழுதுவேன்.
பகலெல்லாம் கழிக்கிறவளுக்கு
இரவில் ஒரு சொல்லைக் கழிக்கக் கை வரவில்லை.

வருடங்களைக் குறைத்தேன். இன்னும் லுவாஸ்.
மாநிலத்தைக் குறைத்தேன். ஆண்களை நீக்கினேன்,
பிறகு மனசு கேட்காமல் சேர்த்துக்கொண்டேன்.
வறுமை என்று போட்டால், "எந்த வறுமை?"
பெண்கள் என்றால், "எத்தனை பேர், எந்த வீடு?"
வாட்சாப்பில் அவர் அனுப்பும் கேள்விக்குறிகள்
குலையைக் குத்தி இழுக்கும் கொக்கி மாதிரியே இருக்கும்.

அப்புறம், எண்ணெய் நிலையத்துக்கு எதிரே
சியூ யென்னின் அப்பா நடத்திய மளிகைக் கடையை
கைப்பேசிக் கடைக்காரனுக்கு விற்றார்கள்.
பழைய தாள்காரன் வருமுன் என்னைக் கூப்பிட்டாள்:
"தவமலர், உனக்குக் குப்பை வேணுமா?"
பிஸ்கட் டின்னுக்குள்
ரப்பர் பட்டை போட்ட மூன்று-ஐந்து நோட்டுகள்.
தோட்டம் கைமாறிய வருடத்துக் கடன் கணக்கு.

ஆலைக்கு எடுத்துப் போனேன்.
லோரி வராத நேரம், விளையாட்டுக்கு,
டின்னைப் பாலத்தின் நடுவில் வைத்துவிட்டு
ஓடி வந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்தப் பாலத்துக்கு எதுவுமே தெரியாது.
நானும் ஏறி நின்றால் காட்டும்.
அன்று ஏறவில்லை.

ஞாயிறு, கோப்பிக் கடையில்,
அவள் சீனத்தில் இருந்ததை வாசிக்க
நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.
பெயர்களே இல்லை. தாவுகே ஆட்களைக் குறித்த விதம்:
கண்ணாடிக்காரி. நெட்டை டிரைவர்.
இரட்டைப் பிள்ளை வீடு. சிரிக்காத மீசை.
"மரியாதை இல்லை" என்றேன்.
"கடன் கொடுத்தாரே" என்றாள்.
இரண்டையும் எழுதி வைத்தேன்.

ஜூனில் சம்பளம் பாதி. ஜூலையில் இல்லை.
கண்ணாடிக்காரி: அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்,
சிகரெட் இரண்டு,
நாய்க்கு மீன் தலை, முப்பது காசு.
ஆகஸ்டில்
அரிசி இருக்கிறது. பருப்பு இருக்கிறது.
சிகரெட்கூட இருக்கிறது, ஒன்றாக.
மீன் தலை இல்லை.
செப்டம்பரிலும் இல்லை.
சியூ யென் அந்த வரியில் விரலை வைத்தபடி,
"நாய் செத்திருக்கலாம்" என்றாள்.

இருக்கலாம்.
நெட்டை டிரைவர் வீட்டில் முதலில் நின்றது பவுடர்.
இரட்டைப் பிள்ளை வீட்டில் இரண்டு பால் டின் ஒன்றானது,
ஊதுபத்தி மட்டும் நிற்கவே இல்லை.
அந்த லயத்தில் கண்ணாடி போட்டவர்கள் மூன்று பேர்.
ஒருத்தி என் அம்மா.
நம்மிடம் நாய் இருந்ததா என்று கேட்டேன்.
தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"எந்த நாய்?" என்றாள்.

அன்றிரவு அனுப்பினேன்:
சுங்கை லாலாங்கில், சம்பளம் தடுமாறிய ஐந்து மாதங்களில்,
ஒரே கடையில் கடன் வைத்த பதினான்கு வீடுகள்
எதை முதலில் வாங்காமல் விட்டன?
எதைக் கடைசிவரை விடவில்லை?

இந்த முறை வட்டம் இல்லை.
லுவாஸ் என்ற சொல்லும் இல்லை.
"இவை இரண்டு கேள்விகள். உனக்கு எது வேண்டும்?"

வெளியே லோரி ஹாரன் அடிக்கிறது.
முப்பது டன் இருக்கும்.
கைப்பேசித் திரையில்
முதல் கேள்வியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்க்கிறேன்.
பிறகு
இரண்டாவதை.